மீசையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவள்

சுபுஹ் தொழுது முடித்த கையோடு துமிராவுக்கு முதல் வேலை, புருஷனுக்கு முகம் துடைத்துவிடுவது. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து நெற்றி, கன்னம், கழுத்து என்று ஒற்றி எடுப்பாள். தலையைப் படிய வாரிவிடுவாள். சின்னக் கத்தரியால் மீசையை நேராக்குவாள். மூன்று தலையணைகளை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி கட்டிலைச் சற்றே இழுப்பாள். அப்புறம்தான் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள்.

"நேராகப் பாருங்கள்" என்று திரையில் எழுத்து வரும். கஸ்மாதி பார்ப்பார். "கண்களை மூடித் திறக்கவும்." மூடித் திறப்பார். ஒரு வட்டம் பச்சையாகி முழுமையடையும். "காலை வணக்கம், பாக் கஸ்மாதி. இன்றைய பயணங்கள் நல்லபடி அமையட்டும்."

அவ்வளவுதான். கைபேசியை வண்டியில் மாட்டி, தோளில் தொங்குகிற நீல மேல்சட்டையின் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு, பாக் கஸ்மாதியாக, அதாவது கஸ்மாதி ஐயாவாக, கிளம்பிவிடுவாள் துமிரா.

பதினாலு மாதங்களாக இதுதான் நடைமுறை. அதற்கு முன்னால் இந்த வாடகை மோட்டார் சைக்கிளை நிஜ கஸ்மாதிதான் ஓட்டினார். இந்தோனேசியாவின் செமாராங் நகரத்தில் அவர் ஏறாத மேடு கிடையாது, கடல்தண்ணீர் புகுந்து நிற்கிற கீழ்த் தெருக்களில் அவர் இறங்காத சந்தும் கிடையாது. ஒரு நாள் கொம்பெல் மேட்டில் பயணியை இறக்கிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றப் போனவர், கழற்ற முடியாமல் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே மத்தியானத்தில் போயின. உயிர் மட்டும் தங்கியது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அவர் கைபேசி சும்மா இருக்கவில்லை. யாரோ எங்கேயோ போக வண்டி கேட்டு மணி அடிக்கும். அடிக்கும்போதெல்லாம் போர்வைக்கு மேலே அவருடைய இடது கை விரல்கள் பரபரக்கும். துமிரா பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில் அதே மாதிரி வண்டியில் தெம்பே என்கிற சோயாக்கட்டி மூட்டை கட்டிச் சந்தைக்கு ஓட்டிப் போனவள்தான் அவள். அரிசிப் பானையின் அடி தெரிந்த ஒரு காலையில், மணி அடித்ததும் அவளே எடுத்தாள்.

முதல் பயணி ஒரு கல்லூரி மாணவி. கைபேசியையும் துமிராவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாக் கஸ்மாதிதானே வரணும், இபு? படத்துல மீசை வச்சிருக்காரே!"

"மீசையை வீட்டுல வச்சிட்டு வந்திருக்கேன் கண்ணு. ஏறு, உனக்கு கிளாசுக்கு நேரமாகுது."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏறினாள். எல்லோரும் அப்படி ஏறிவிடவில்லை. சிலர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ரத்து செய்தார்கள். ஒரு பெரியவர் வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்து எண்ணைச் சரிபார்த்து, "கஸ்மாதின்னா ஆம்பளப் பேருல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். வாதுமை மரத்தடியில் ஓட்டுநர்கள் காத்திருக்கும் இடத்திலோ கேலிக்குக் குறைவில்லை.

"வாங்க பாக் கஸ்மாதி! நேத்தைக்கு விட இளைச்சிட்டீங்களே" என்பான் சர்மின். கஸ்மாதியோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன்.

"எல்லாம் உன் கண்ணு பட்டுதான். தள்ளி உக்காரு, எனக்கும் நிழல் வேணும்."

அவளுக்கு இது ஒன்றும் பெரிய வேஷமாகத் தோன்றவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே சந்தில் எல்லோருக்கும் அவள் இபு கஸ்மாதிதான், கஸ்மாதி வீட்டு அம்மா. பள்ளிவாசல் பெண்கள் குழுவிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும்கூட அப்படித்தான். வீட்டுக்குள்ளே அவர் அவளை "மாக்னே" என்பார், பிள்ளையோட அம்மா. அவள் அவரை "பாக்னே" என்பாள், பிள்ளையோட அப்பா. பாதிப் பேரை இருபத்தாறு வருஷமாகப் போட்டுக்கொண்டு திரிந்தவளுக்கு மீதிப் பாதி கனக்குமா என்ன?

சாயங்காலம் திரும்பி வந்து, அவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்ததும், அன்றைக்குப் பயணிகள் எழுதியதை எல்லாம் வாசிப்பாள். அது அவருக்குக் கஞ்சியைவிட முக்கியம்.

"'மழையில மழைக்கோட்டை எனக்குக் குடுத்துட்டுத் தான் நனைஞ்சுட்டே ஓட்டினாங்க. நன்றி, பாக் கஸ்மாதி.' இது அந்த நர்ஸ் பொண்ணு. அப்புறம் இன்னொண்ணு... 'எங்கம்மா கதவைத் திறக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போனாங்க.'"

கஸ்மாதி கண்ணை மூடிக் கேட்பார். உதட்டின் இடது ஓரம் மட்டும் லேசாக மேலே போகும். இடது கையின் ஒரு விரலைத் தூக்குவார். இன்னொரு தடவை வாசி என்று அர்த்தம். படுக்கையில் கிடந்தாலும் ஊருக்குள் தன் பேர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருக்கிறது என்று துமிரா நினைத்துக்கொள்வாள். நனைந்தது யார், கதவு திறக்கும்வரை நின்றது யார் என்ற பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கண்ணை மூடித் திறந்த பிறகும் வட்டம் பச்சையாகவில்லை. புதிதாக ஒரு வரி வந்தது: "இப்போது சிரியுங்கள்."

பாதுகாப்புக்காகப் புது முறையாம். இந்த மாதம் முடிகிறவரை வேண்டாம் என்று தள்ளிவிடலாம். அடுத்த மாதத்திலிருந்து சிரித்தால்தான் வேலை.

"பாக்னே, கொஞ்சம் சிரிங்க."

அவர் சிரித்தார். இடது பக்கம் ஏறியது. வலது பக்கம், யாரோ கனத்த ஈரத்துணியைப் போர்த்திவிட்ட மாதிரி அசையாமல் கிடந்தது.

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்."

"இன்னும் கொஞ்சம். நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்க மாமா நாற்காலியோட கவுந்தாரே, அதை நினைச்சுக்கோங்க."

"முகம் பொருந்தவில்லை."

வலது உதட்டைத் தன் விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விரலும் சேர்ந்து தெரிந்தது. மூன்றாவது தடவையும் சிவப்பு வந்ததும் கஸ்மாதி கைபேசியைத் தட்டிவிட்டார். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குனிந்து கைபேசியைத் தேடிய துமிரா, நிமிராமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகிறதை அவர் பார்க்க வேண்டாம் என்றுதான்.

விஷயம் மரத்தடிக்குப் போனது. சர்மின் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஒருத்தனைத் தெரியும். பழைய படத்தைக் குடுத்தாப் போதும். கண்ணைச் சிமிட்டுற மாதிரி, சிரிக்கிற மாதிரி முகத்தைப் பண்ணிக் குடுத்துடுவான். செயலி அப்படியே நம்பிடும்."

"அந்த மனுஷன் உசிரோட இருக்காரு சர்மின். அவரு முகத்துக்கு நான் கடையில பொய் முகம் வாங்கணுமா?"

சர்மின் அவளுக்கு நிழலில் இடம்விட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.

அவர்களுக்கு ஒரே மகள், ரெத்னோ. மூன்றாவது வருஷமாக தைவானில், தைச்சுங் நகரத்தில், ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவருக்கும் இதே நோய்தான். தாத்தா என்பதற்கு அங்கே சொல்கிற வார்த்தையான "ஆகோங்" என்றுதான் ரெத்னோ அவரைக் குறிப்பிடுவாள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவள் காணொளியில் வந்தாள்.

"ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல? ஆகோங்குக்கு நான் தெனம் முகப்பயிற்சி குடுக்கிறேன்மா. வந்தப்போ அவரு வாயிலருந்து தண்ணி ஒழுகும். இப்போ பாரு, என்னைத் திட்டுற அளவுக்கு வந்துட்டாரு."

மறுநாளிலிருந்து பயிற்சி. இங்கே காலை ஆறரை, அங்கே ஏழரை. ரெத்னோ கைபேசியை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு ஆகோங்கைச் சக்கர நாற்காலியோடு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவாள். இந்தப் பக்கம் கட்டிலில் கஸ்மாதி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

"கன்னத்துல காத்தை நிரப்புங்க. உப்பலா... அப்படித்தான். இப்போ வலது பக்கமா தள்ளுங்க. அப்பா, காத்து வெளிய போகுது, உதட்டை இறுக்குங்க. இப்போ 'ஊ'. இப்போ 'ஈ'."

"ஊ" என்றார் ஆகோங். "ஊ" என்றார் கஸ்மாதி. இரண்டு ஊர்களில் இரண்டு ஆண்கள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து துமிராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதம்மா. அவங்க சிரிக்கணும், நீ இல்ல."

சாப்பிடும் குச்சியைப் பல்லுக்கு இடையில் கடித்துப் பிடிக்கிற பயிற்சியில் ஆகோங் கெட்டிக்காரர். கஸ்மாதியின் குச்சி விழுந்துகொண்டே இருந்தது. ஆகோங் ஏதோ சொல்லிக் கெக்கலித்தார். அன்றிலிருந்து கஸ்மாதிக்கு ரோஷம் வந்துவிட்டது. பயிற்சி நேரம் வருவதற்கு முன்னாலேயே குச்சியைக் கேட்டுக் கையை நீட்டினார்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். பயிற்சி நடுவில் ஆகோங் ரெத்னோவைக் கூப்பிட்டார். "ஆ-மெய்! ஆ-மெய்!" அவளும் திரும்பி ஏதோ பதில் சொன்னாள்.

கஸ்மாதி புருவத்தைச் சுருக்கினார். பயிற்சி தொடங்கிய பிறகு ஒன்றிரண்டு சொல் உடைந்து உடைந்து வர ஆரம்பித்திருந்தது. "யா... ரு?"

"யாரு, என்னப்பா?"

"ஆ... மெ..."

ரெத்னோ ஆகோங்கின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "என்னைத்தான்பா. வந்த அன்னிக்கே வெச்ச பேரு. ரெத்னோன்னு இவங்களுக்கு வாயில வரல. நான் ஒண்ணும் நினைச்சுக்கல. பழகிடுச்சு."

கஸ்மாதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைத் தூக்கி ஆகோங்கைச் சுட்டினார். ஆகோங் நிமிர்ந்தார். கஸ்மாதியின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது.

"ரெத்... னோ."

பதினாலு மாதங்களில் அவர் முழுசாகச் சொன்ன முதல் பேர் அது. அங்கே ரெத்னோ கையால் வாயை மூடிக்கொண்டாள். ஆகோங் மட்டும், இதுவும் பயிற்சியில் ஒன்று என்று நினைத்தாரோ என்னவோ, ரொம்பச் சிரத்தையாகத் திருப்பிச் சொன்னார்.

"லெ... நோ."

"ரெத்," என்று திருத்தினார் கஸ்மாதி.

"லெத்."

அதற்குமேல் ஆகோங்குக்கு வரவில்லை. ஆனால் மறுநாள் முதல் அவர் அவளை "லெத்னோ" என்றுதான் கூப்பிடுகிறார் என்று ரெத்னோ சொன்னாள். சொல்லும்போது, அங்கே குளிர் ஜாஸ்தி, மூக்கு ஒழுகுகிறது என்றும் சொன்னாள்.

மாதம் முடிந்து, சிரித்தே ஆகவேண்டிய நாள் வந்தது. அன்று காலை மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சேவல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, துமிரா நறுக்கிப்போட்ட மீசை முடியைக் கொத்திப் பார்த்துவிட்டு அருவருப்போடு தலையை உதறியது. கஸ்மாதி சிரித்துவிட்டார். பயிற்சிச் சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. வலது உதடும் எழுந்தது. முழுசாக இல்லை. ஆனால் எழுந்தது. துமிரா பாய்ந்து கைபேசியை எடுத்துப் பிடித்தாள்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சிவப்பானது.

"முகம் பொருந்தவில்லை. கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. கணக்கின் உரிமையாளர் அலுவலகத்துக்கு நேரில் வரவும்."

"இவரு இல்லாம வேற எவன்டா இவரு!" என்று துமிரா கைபேசியைப் பார்த்துக் கத்தினாள். கஸ்மாதி அவள் முழங்கையைப் பிடித்து மெல்ல அழுத்தினார்.

புதன்கிழமை கிளம்பினார்கள். சர்மினும் இன்னொருவனும் கஸ்மாதியைத் தூக்கி வண்டியின் பின்னால் உட்காரவைத்தார்கள். பிள்ளையை முதுகில் கட்டிச் சுமக்கிற நீளத் துணியால் அவரைத் தன்னோடு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டாள் துமிரா. சர்மின் பின்னாலேயே தன் வண்டியில் வந்தான். அவர் கன்னம் அவள் தோளில் அழுந்தியிருந்தது. மேட்டில் திரும்பும்போதெல்லாம் அவர் இடது கை அவள் இடுப்பைத் தட்டும். கியரை மாற்று, கியரை மாற்று.

"எனக்குத் தெரியும் பாக்னே! பதினாலு மாசமா நானும் இந்த ரோட்டுலதான் ஓட்டுறேன்!"

தட்டுவது நின்றது. கொஞ்ச தூரம் போனதும், வேறு மாதிரி, இரண்டு தடவை மெதுவாகத் தட்டினார்.

வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். "வண்டி நீங்கதான் ஓட்டுறீங்கன்னு தலையாட்டுங்க, போதும். மத்ததை நான் பாத்துக்கறேன். உடம்பு தேறிட்டு வருதுன்னு சொல்றேன்."

அலுவலகத்தில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். சட்டையில் மெகர் என்று பேர் எழுதியிருந்தது. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். கஸ்மாதியைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்து அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"பாக், நீங்க பாக் கஸ்மாதிதான்னு எனக்குத் தெரியுது. அதுல பிரச்சினையே இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வண்டியை நீங்களா ஓட்டுறீங்க?"

துமிரா அவர் தோளை லேசாக அமுக்கினாள்.

கஸ்மாதி தலையை இடமும் வலமுமாக அசைத்தார். இடது கையைத் தூக்கி, தலைக்கு மேலே பின்பக்கமாக நீட்டி, துமிராவைக் காட்டினார்.

"இவ."

"பாக்னே!"

"இவ... ஓட்டுறா. மழை... இவ. கதவு... இவ."

மெகருக்கு மழையும் கதவும் புரியவில்லை. துமிராவுக்குப் புரிந்தது. தினம் சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்டது தன் பேரை இல்லை. நாளெல்லாம் அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் கேட்டிருக்கிறார்.

"இது விதிப்படி தப்பு, இபு" என்றாள் மெகர். அதட்டாமல்தான் சொன்னாள். "இந்தக் கணக்கை நான் மூடித்தான் ஆகணும். ஆனா ஓட்டுநர் உரிமம் உங்ககிட்ட இருந்தா, உங்க பேருலயே புதுசா விண்ணப்பம் போடலாம்."

உரிமம் இருக்கிறது என்று துமிரா தலையாட்டினாள். பிறகு மெகர் திரையைக் கஸ்மாதி பக்கம் திருப்பினாள். "பதினோராயிரத்து நானூத்துச் சொச்சம் பயணம், பாக். இந்த ஊருல இவ்வளவு ஓட்டினவங்க ரொம்பக் கம்மி." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "மூடிரட்டுமா?"

அவர் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். துமிரா சுவரில் ஒட்டியிருந்த போக்குவரத்து விதிகளை வாசிக்கிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். அவர் தலையசைத்திருக்க வேண்டும். விசை தட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி, இப்போ புது விண்ணப்பம். பேரு சொல்லுங்க, இபு."

"இபு கஸ்மாதி."

"அது அவரு பேரு. உங்க பேரு?"

துமிரா வாயைத் திறந்தாள். பேர் தெரியாமல் இல்லை. ஆனால் நாக்கு ஒரு நொடி நின்றது. அதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"து... மி... ரா."

கல்யாண ஒப்பந்தத்தன்று பள்ளிவாசலில் சொன்ன பிறகு அவர் அந்தப் பேரைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லி முடித்துவிட்டு, வாயோரம் வழிந்ததைத் தானே துடைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றாள். "துமிரா."

படம் எடுக்கும்போது மெகர் இரண்டு தடவை நிறுத்தவேண்டியிருந்தது. "சிரிக்காதீங்க இபு. அட்டைப் படத்துல பல்லு தெரியக் கூடாது."

"நான் எங்கம்மா சிரிக்கிறேன்?" என்றாள் துமிரா, முகமெல்லாம் பல்லாக.

ஒன்பது நாளில் புதுக் கணக்கு வந்தது. கூடவே அவள் அளவுக்கு ஒரு நீல மேல்சட்டையும். கணக்கில் பயணம் பூஜ்யம். வாதுமை மரத்தடியில் பழைய ஆட்களுக்கெல்லாம் மணி அடித்தது. அவளுக்கு மட்டும் அடிக்கவில்லை. "புதுப் பொண்ணு, பொறுமையா இரு" என்றான் சர்மின். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதை ரத்து செய்தான். என்னவென்று கேட்டால் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொருவனுக்கும் அதே மாதிரி வந்து, அவனும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தான். மூன்றாவதாக துமிராவுக்கு அடித்தது.

பயணி: ரெத்னோ. ஏறுமிடம்: துமிராவின் வீட்டுச் சந்து.

வண்டியை விரட்டிக்கொண்டு போனாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கஸ்மாதி உட்கார்ந்திருந்தார். பெருநாள் பத்திக் சட்டை, தலையில் ஹெல்மெட், மடியில் அந்த நீளத் துணி. பக்கத்து வீட்டுக்காரி கையில் பிடித்திருந்த கைபேசிக்குள்ளிருந்து ரெத்னோ கத்தினாள்.

"ரெண்டு தடவை வேற வேற ஆளுக்குப் போச்சும்மா! மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன்!"

"வேலை நேரத்துல என்ன விளையாட்டு இது?" என்றாள் துமிரா. "எங்க போகணுமாம்?"

"கட... லு" என்றார் கஸ்மாதி. அவள் பேச வாயெடுப்பதற்குள் ஒரு விரலை உயர்த்தினார். "நான்... பயணி."

பயணியிடம் வாதாட முடியாது. கட்டிக்கொண்டு கிளம்பினாள். இந்தத் தடவை கியரை மாற்று என்று யாரும் தட்டவில்லை.

கடற்கரையில் கல்மேட்டின் மேல் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, தள்ளுவண்டியில் டோஃபுவும் இறால் வடையும் போட்ட தாஹு கிம்பால் ஒரு தட்டு வாங்கிவந்தாள். சின்னச் சின்னதாகப் பிட்டு ஊட்டினாள். இன்னும் காரம் வேண்டும் என்று அவர் தட்டைத் தள்ளினார். ரெத்னோ மறுபடி அழைத்தாள். பக்கத்தில் ஆகோங் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். கஸ்மாதி கைபேசியை வாங்கி, இடது கையால் கடல் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். கை நடுங்கியது. கடலும் சேர்ந்து ஆடியது. ஆகோங் உற்றுப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் துமிரா.

"அலை ரொம்பச் சின்னதா இருக்காம்" என்றாள் ரெத்னோ.

கஸ்மாதி கைபேசியைத் தன் பக்கம் திருப்பினார். நோய் வந்த பிறகு அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியத்துக்கு மூச்சை இழுத்தார்.

"மழைக்... காலத்துல... வந்து... பாக்கச் சொல்லு."